பிற நிறுவன லேண்ட்லைன் எண்ணுக்கு அழைத்தால் கூடுதல் கட்டணமா? நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுப்பது எவ்வளவு? - முழு விவரம்

புதுடெல்லி: ஒரு நிறுவனத்தின் தரைவழித் தொலைபேசியில் இருந்து மற்றொரு நிறுவனத்தின் தரைவழித் தொலைபேசிக்கு அழைக்கும்போது, அழைப்பை ஏற்று முடித்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு காசு என்று கொடுக்க வேண்டிய நிலை இந்தியாவில் 2015 மார்ச் 1-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. உள்நாட்டு அழைப்புகளைப் பொறுத்தவரை அந்தக் கட்டணம் இப்போது பூஜ்யம். ஆனாலும் பழைய கட்டணத் திட்டங்களில் நீடிக்கும் வாடிக்கையாளர்களின் பில்லில் ‘பிற நிறுவன அழைப்பு’ என்ற தலைப்பில் ஒரு தொகை இடம்பெறக்கூடும்.

நிறுவனங்களுக்கு இடையே செலவு இல்லாதபோது வாடிக்கையாளரிடம் ஏன் வசூலிக்கப்படுகிறது? இந்தக் கட்டணம் எப்படித் தோன்றியது, எப்படி மறைந்தது, எங்கெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

அழைப்பு எப்படிக் கைமாறுகிறது?

டெல்லியில் ஒருவர் ஏர்டெல் லேண்ட்லைன் வைத்திருக்கிறார். ஜெய்ப்பூரில் பிஎஸ்என்எல் லேண்ட்லைன் வைத்திருக்கும் உறவினரை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த அழைப்பு மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

முதல் கட்டத்தில், அழைப்பவரின் வீட்டில் இருந்து புறப்படும் அழைப்பை அவருடைய நிறுவனம் தன் இணைப்பகத்துக்குக் கொண்டு செல்கிறது. இரண்டாவது கட்டத்தில், டெல்லியில் இருந்து ஜெய்ப்பூர் வரையிலான நெடுந்தொலைவை அந்த அழைப்பு கடக்கிறது. இதை அதே நிறுவனமும் செய்யலாம், தேசிய நெடுந்தொலைவு உரிமம் பெற்ற வேறொரு நிறுவனமும் செய்யலாம். மூன்றாவது கட்டத்தில், ஜெய்ப்பூரில் உள்ள இணைப்பகத்தில் பிஎஸ்என்எல் அந்த அழைப்பை ஏற்று, உறவினரின் வீட்டு மணியை ஒலிக்கச் செய்கிறது.

இந்த மூன்று வேலைகளுக்கும் தனித்தனியே பெயர் உண்டு. தொடக்கக் கட்டணம், கடத்தல் கட்டணம், முடிவுக் கட்டணம் என்று அவற்றைச் சொல்லலாம். மூன்றும் சேர்ந்ததே ‘ஐயூசி’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இணைப்புப் பயன்பாட்டுக் கட்டணம். வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவது அழைப்பவரின் நிறுவனம் மட்டுமே. எனவே, மற்ற இரு வேலைகளைச் செய்யும் நிறுவனங்களுக்கு அது தன் வசூலில் இருந்து பங்கு தர வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இரு நிறுவனங்களின் வலைப்பின்னல்கள் ஒன்றையொன்று தொடும் இடம் ‘இணைப்பு முனை’ எனப்படுகிறது. அங்கு போதிய இணைப்புகள் இல்லாவிட்டால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அழைப்பு நடுவழியில் தடைபடும். புதிதாகத் தொழிலுக்கு வரும் நிறுவனங்களுக்கும் ஏற்கெனவே உள்ள நிறுவனங்களுக்கும் இடையே நடந்த பல மோதல்கள் இந்த இணைப்பு முனைகளைச் சுற்றியே எழுந்தன.

ஒரே நிறுவனம் இருந்த காலம்

தொலைபேசிச் சேவை முழுவதும் அரசின் கையில் இருந்த காலத்தில் ‘பிற நிறுவனம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. டெல்லியிலும் மும்பையிலும் 1986-இல் எம்டிஎன்எல் சேவையைத் தொடங்கியது. நாட்டின் ஏனைய பகுதிகளைத் தொலைத்தொடர்புத் துறை நேரடியாகக் கவனித்து வந்தது. அப்பணிகள் 2000 அக்டோபர் 1-இல் பிஎஸ்என்எல் என்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, அடிப்படைத் தொலைபேசிச் சேவையில் தனியாருக்குக் கதவைத் திறந்தது. 1997-இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’ அமைக்கப்பட்டது. 1998-இல் மத்தியப் பிரதேசத்தில் பாரதி நிறுவனம் தனியார் லேண்ட்லைன் சேவையைத் தொடங்கியது. அடுத்தடுத்து ஆந்திரப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், பஞ்சாப், குஜராத் ஆகிய மாநிலங்களிலும் தனியார் நிறுவனங்கள் களமிறங்கின.

புதிய நிறுவனத்தின் இணைப்பைப் பெற்ற வாடிக்கையாளர் யாரை அழைப்பார்? அவருடைய உறவினர், நண்பர், வங்கி, மருத்துவமனை என எல்லோரிடமும் இருந்தது அரசு நிறுவனத்தின் இணைப்பு. ஆகவே, புதிய நிறுவனத்தில் இருந்து புறப்படும் அழைப்புகளில் பெரும்பகுதி பழைய நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தாக வேண்டும். பழைய நிறுவனம் அந்த அழைப்பை ஏற்க என்ன விலை கேட்கிறதோ, அதுவே புதிய நிறுவனம் பிழைக்குமா, மூழ்குமா என்பதைத் தீர்மானிக்கும். இதனால்தான் இந்தக் கட்டணத்தைச் சந்தையின் பேரத்துக்கு விடாமல், டிராய் தன் கையில் எடுத்துக்கொண்டது.

2003: அழைப்பவரே செலுத்தும் முறை

இந்தியத் தொலைபேசிக் கட்டண வரலாற்றில் 2003 ஒரு திருப்புமுனை. அந்த ஆண்டு மே 1-ஆம் தேதி ‘அழைப்பவரே பணம் செலுத்துவார்’ என்ற முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை கைப்பேசி வைத்திருப்போர், தங்களுக்கு வரும் அழைப்புக்கும் பணம் கட்டி வந்தனர். புதிய முறையில் உள்வரும் அழைப்பு இலவசமானது. அழைப்பை ஏற்கும் நிறுவனத்துக்கு, அழைப்பவரின் நிறுவனம் முடிவுக் கட்டணம் தர வேண்டும் என்ற விதியே இதைச் சாத்தியமாக்கியது.

முதலில் அழைப்பின் வகைக்கும் தொலைவுக்கும் ஏற்ப மாறுபட்ட இந்தக் கட்டணம், 2004 பிப்ரவரி 1 முதல் எல்லா வகை அழைப்புகளுக்கும் ஒரே சீராக நிமிடத்துக்கு 30 காசு என நிர்ணயிக்கப்பட்டது. லேண்ட்லைனுக்குப் போனாலும் கைப்பேசிக்குப் போனாலும் அதே தொகைதான். 2009 ஏப்ரல் 1 முதல் இது 20 காசாகக் குறைக்கப்பட்டது.

கிராமத்து இணைப்புக்காக ஒரு தனிச் சுமை

முடிவுக் கட்டணத்துடன் சேர்த்து மற்றொரு கட்டணமும் அப்போது வசூலிக்கப்பட்டது. ‘ஏடிசி’ என அழைக்கப்பட்ட அணுகல் பற்றாக்குறைக் கட்டணம் அது.

அரசு நிறுவனம் கிராமங்களில் வழங்கிய இணைப்புகளுக்கான மாத வாடகை, அவற்றைப் பராமரிக்கும் செலவைவிடக் குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. உள்ளூர் அழைப்புகளும் மலிவாக இருந்தன. அந்த இழப்பை எஸ்டிடி, வெளிநாட்டு அழைப்புகளில் கிடைத்த லாபம் ஈடுகட்டியது. நெடுந்தொலைவுச் சேவையில் 2000-க்குப் பின் தனியார் அனுமதிக்கப்பட்டதும், 2002-இல் எஸ்டிடி கட்டணங்கள் பாதிக்கும் கீழே சரிந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்புகளில் விஎஸ்என்எல் நிறுவனத்துக்கு இருந்த ஏகபோகமும் முடிந்தது. இழப்பை ஈடுகட்டி வந்த வருவாய் வற்றியது.

அந்த இடைவெளியை நிரப்பவே ஏடிசி கொண்டுவரப்பட்டது. பிற நிறுவனங்களின் அழைப்புகளில் இருந்தும், பின்னர் அவற்றின் வருவாயில் ஒரு சதவீதமாகவும் வசூலிக்கப்பட்டு, பெரும்பகுதி பிஎஸ்என்எல் நிறுவனத்துக்குச் சென்றது. கிராமத்துத் தொலைபேசியைக் காப்பாற்ற இது தேவை என்று ஒரு தரப்பும், போட்டியாளரின் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது என்று மறு தரப்பும் வாதிட்டன. ஆண்டுதோறும் குறைக்கப்பட்டு வந்த இந்தக் கட்டணம், 2008 செப்டம்பர் இறுதியுடன் முற்றிலும் நீங்கியது.

இதற்கிடையே, தமிழகத்தைச் சேர்ந்த தயாநிதி மாறன் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது, ‘ஒன் இந்தியா’ என்ற திட்டத்தை பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் நிறுவனங்கள் 2006 மார்ச் 1 முதல் அறிமுகப்படுத்தின. நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ரூ.1 என்ற அந்தத் திட்டம், தொலைவுக்கு ஏற்பக் கட்டணம் உயரும் நெடுநாள் வழக்கத்தை உடைத்தது.

2015: லேண்ட்லைனுக்குப் பூஜ்யம்

2015 பிப்ரவரியில் டிராய் வெளியிட்ட திருத்த விதிகள்தான் இன்றைய நிலைக்கு அடித்தளம். அதன்படி மார்ச் 1 முதல்,

* லேண்ட்லைனில் இருந்து லேண்ட்லைனுக்கு முடிவுக் கட்டணம் பூஜ்யம்.

* லேண்ட்லைனில் இருந்து கைப்பேசிக்கும் பூஜ்யம்.

* கைப்பேசியில் இருந்து லேண்ட்லைனுக்கும் பூஜ்யம்.

* கைப்பேசியில் இருந்து கைப்பேசிக்கு மட்டும் 20 காசில் இருந்து 14 காசாகக் குறைப்பு.

* நெடுந்தொலைவு கடத்தல் கட்டணத்தின் உச்சவரம்பு நிமிடத்துக்கு 65 காசில் இருந்து 35 காசாகக் குறைப்பு.

முன்னர் குறிப்பிட்ட டெல்லி - ஜெய்ப்பூர் அழைப்பைக் கொண்டே இதைக் கணக்கிடலாம். 10 நிமிடப் பேச்சு என்றால், பழைய விதிப்படி முடிவுக் கட்டணமாக மட்டும் ரூ.2 கைமாறியிருக்கும். நெடுந்தொலைவுக்கு வேறொரு நிறுவனத்தைப் பயன்படுத்தியிருந்தால் அதிகபட்சமாக மேலும் ரூ.6.50 சேரும். புதிய விதிப்படி முதல் தொகை அடியோடு நீங்கியது. இரண்டாவது தொகையின் உச்சவரம்பு ரூ.3.50 ஆனது. நெடுந்தொலைவு வலைப்பின்னலைச் சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதுவும் வெளியே கொடுக்க வேண்டிய தொகை அல்ல.

லேண்ட்லைனுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? கைப்பேசியின் பெருக்கத்தால் தரைவழி இணைப்புகள் ஆண்டுதோறும் சுருங்கி வந்தன. 2000-களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 5 கோடியை எட்டியிருந்த எண்ணிக்கை, பின்னர் இறங்குமுகமாகவே இருந்தது. அதிவேக இணையத்தை வீடுகளுக்குக் கொண்டு செல்லத் தரைவழிக் கம்பியே சிறந்த வழி என்பதால், அதில் முதலீட்டையும் பயன்பாட்டையும் ஊக்குவிக்க வேண்டும் என்று டிராய் கருதியது.

இந்த மாற்றத்தின் பலன் விரைவிலேயே வாடிக்கையாளரைச் சென்றடைந்தது. இரண்டே மாதங்களில், 2015 மே 1 முதல், இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை பிஎஸ்என்எல் லேண்ட்லைனில் இருந்து எந்த நிறுவனத்தின் எண்ணுக்கும் இலவசமாகப் பேசலாம் என்ற சலுகை அறிவிக்கப்பட்டது. 2016 ஆகஸ்ட் 15 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுவதும் இலவசம் என அது விரிந்தது. எனினும் 2018 தொடக்கத்தில் இரவு நேரச் சலுகை இரவு 10.30 முதல் காலை 6 மணி வரை எனச் சுருக்கப்பட்டு, ஞாயிறு சலுகை விலக்கிக்கொள்ளப்பட்டது. முடிவுக் கட்டணம் பூஜ்யமாகவே இருந்தும் சலுகை மட்டும் மாறியது. வாடிக்கையாளர் கட்டுவது வேறு, நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுப்பது வேறு என்பதற்கு இது தெளிவான உதாரணம்.

6 காசு சர்ச்சையில் தப்பிய லேண்ட்லைன்

கைப்பேசி அழைப்புகளுக்கான முடிவுக் கட்டணம் 2017 அக்டோபர் 1 முதல் 14 காசில் இருந்து 6 காசாகக் குறைந்தது. 2020 ஜனவரி 1-இல் பூஜ்யமாக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது.

இந்தக் காலக்கெடு மறுபரிசீலனைக்கு உள்ளானதைக் காரணம் காட்டி, 2019 அக்டோபரில் ஜியோ நிறுவனம் பிற நிறுவனக் கைப்பேசிகளுக்கான அழைப்புகளுக்கு நிமிடத்துக்கு 6 காசு வசூலிக்கத் தொடங்கியது. ஆனால் எந்த நிறுவனத்தின் லேண்ட்லைனுக்கு அழைத்தாலும் கட்டணம் இல்லை என்றே அப்போதும் அறிவித்தது. காரணம் எளிமையானது. லேண்ட்லைனுக்கான முடிவுக் கட்டணம் ஏற்கெனவே பூஜ்யம் என்பதால், வாடிக்கையாளரிடம் கேட்க அங்கே எந்தச் செலவும் இல்லை.

2021 ஜனவரி 1 முதல் கைப்பேசிக்கும் இந்தக் கட்டணம் பூஜ்யமானது. உள்நாட்டு அழைப்புகள் அனைத்திலும் அவரவர் வசூலித்ததை அவரவரே வைத்துக்கொள்ளும் முறை அன்று முதல் நடைமுறையில் உள்ளது.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வந்த கட்டணங்களைப் படிப்படியாகக் குறைத்து இதே முறைக்கு மாறும்படி 2011-இல் உத்தரவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது. அங்கு தரைவழித் தொலைபேசிக்கான முடிவுக் கட்டணம் நீக்கப்படவில்லை. ஆனால் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே உச்சவரம்பு விதிக்கப்பட்டு, 2022 முதல் நிமிடத்துக்கு 0.07 யூரோ சென்ட் என்ற மிகச் சிறிய அளவுக்குக் கொண்டுவரப்பட்டது.

பின் ஏன் பில்லில் கட்டணம் வருகிறது?

முடிவுக் கட்டணம் என்பது மொத்த வியாபாரிகளுக்கு இடையிலான விலை. வாடிக்கையாளர் கட்டுவது சில்லறை விலை. முதலாவதை டிராய் நிர்ணயிக்கிறது. இரண்டாவதை, பெரும்பாலான சேவைகளில், நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ள டிராய் அனுமதித்துள்ளது. கிராமப்புற லேண்ட்லைன் போன்ற சில சேவைகளின் கட்டணம் மட்டுமே இன்னும் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

ஆகவே, மொத்த விலை பூஜ்யமாகிவிட்டது என்பதற்காக, சில்லறை விலையும் தானாகவே பூஜ்யமாகிவிடாது. இணைப்பகம், கம்பி, மின்சாரம், ஊழியர் சம்பளம் ஆகியவற்றுக்கான செலவு நிறுவனத்துக்கு இருந்துகொண்டேதான் இருக்கும். அதை மாத வாடகையில் சேர்ப்பதா, ஒவ்வோர் அழைப்பிலும் வசூலிப்பதா என்பது வணிக முடிவு.

கண்ணாடி இழை இணையத்துடன் சேர்த்து வழங்கப்படும் இன்றைய இணைப்புகளில், பெரும்பாலும் எந்த நிறுவனத்துக்கும் வரம்பின்றிப் பேசும் வசதி மாத வாடகையிலேயே அடங்கிவிடுகிறது. அந்த வாடிக்கையாளர்களுக்கு ‘பிற நிறுவனம்’ என்ற வேறுபாடு இல்லை. செம்புக் கம்பி வழியே வரும் பழைய இணைப்பை, பல ஆண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுத்த திட்டத்திலேயே தொடர்பவர்களின் நிலைதான் வேறு. அத்தகைய திட்டங்களில் மாதம் இத்தனை அழைப்புகள் இலவசம், அதற்கு மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு இருக்கும். சொந்த நிறுவனத்துக்கு ஒரு விகிதமும், பிற நிறுவனத்துக்குச் சற்று கூடுதல் விகிதமும் இருக்கக்கூடும். இத்தகைய இணைப்புகளைத் தொடர்பவர்களில் முதியோர் பலர். திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதே தெரியாமல் அவர்கள் கூடுதலாகச் செலுத்திக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

யூனிட் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘பல்ஸ்’ எனப்படும் கால அளவை வைத்தே யூனிட் கணக்கிடப்படுகிறது. ஒரு திட்டத்தில் உள்ளூர் அழைப்புக்குப் பல்ஸ் 180 வினாடி என்றால், மூன்று நிமிடம் வரை ஒரு யூனிட். மூன்று நிமிடம் 10 வினாடி பேசினால் இரண்டு யூனிட். பிற நிறுவனத்துக்குப் பல்ஸ் 60 வினாடி என்று இருந்தால், அதே அழைப்பு நான்கு யூனிட் ஆகிவிடும். யூனிட்டின் விலை ஒன்றாகவே இருந்தாலும் செலவு இரட்டிப்பாகும். எனவே ஒரு யூனிட் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது போதாது. எத்தனை வினாடிக்கு ஒரு யூனிட் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பில்லின் மொத்தத் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகச் சேரும்.

எண்ணைப் பார்த்து நிறுவனத்தை அறியலாமா?

ஓரளவுக்கு முடியும். இந்தியா 2,600-க்கும் மேற்பட்ட குறுந்தொலைவுக் கட்டணப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எஸ்டிடி குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டுக்கு அடுத்து வரும் இலக்கம் பொதுவாக நிறுவனத்தைக் காட்டும். ‘2’ என்று தொடங்கினால் பிஎஸ்என்எல் அல்லது எம்டிஎன்எல், ‘4’ என்றால் ஏர்டெல், ‘6’ என்றால் டாடா, ‘3’ என்றால் ரிலையன்ஸ் என்ற ஒதுக்கீடு நீண்டகாலமாக வழக்கத்தில் உள்ளது.

கைப்பேசியைப் போல எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி லேண்ட்லைனுக்கு இல்லை. கைப்பேசியில் 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த அந்த உரிமை, தரைவழி இணைப்புக்கு நீட்டிக்கப்படவில்லை. அதனால் லேண்ட்லைனின் முதல் இலக்கம் இன்றும் நிறுவனத்தின் அடையாளமாகவே இருக்கிறது. அதே காரணத்தால், பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்த எண்ணை இழக்க விரும்பாத கடைகளும் மருத்துவமனைகளும் பழைய நிறுவனத்திலேயே தங்கிவிடுகின்றன.

1800-உம் 1860-உம் ஒன்றல்ல

வங்கிகளும் வணிக நிறுவனங்களும் வாடிக்கையாளர் சேவைக்கு அறிவிக்கும் எண்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1800 என்று தொடங்கும் எண்ணுக்கு அழைப்பவர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அழைப்புச் செலவை அந்த எண்ணை வைத்திருக்கும் நிறுவனமே ஏற்கிறது. 1860 என்று தொடங்கும் எண் அப்படியல்ல. அழைப்பவரிடம் உள்ளூர் அழைப்புக்கான கட்டணம் வசூலிக்கப்படும். யூனிட் கணக்கில் உள்ள லேண்ட்லைனில் இருந்து 1860 எண்ணுக்கு அழைத்து, காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பில்லில் ஏறும்.

1800 எண்களும் தொடக்கத்தில் எல்லா நிறுவனங்களில் இருந்தும் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனம் வழங்கிய இலவச எண்ணை மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அழைக்க முடியாத நிலை இருந்தது. இதை மாற்றுவதற்கான விதிமுறைகளை டிராய் 2006-இல் வெளியிட்டது.

வெளிநாட்டு அழைப்பில் நீடிக்கும் கட்டணம்

உள்நாட்டில் மறைந்த முடிவுக் கட்டணம், வெளிநாட்டில் இருந்து வரும் அழைப்புகளில் தொடர்கிறது. 2015-இல் நிமிடத்துக்கு 53 காசாக உயர்த்தப்பட்ட இது, 2018 பிப்ரவரி 1 முதல் 30 காசாகக் குறைக்கப்பட்டது. 2020 மே 1 முதல், 35 காசில் இருந்து 65 காசுக்குள் நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என டிராய் அனுமதித்தது. இந்தத் தொகையை வெளிநாட்டில் இருந்து அழைப்பைக் கொண்டுவரும் நிறுவனம் செலுத்துகிறது. இந்தியாவில் அழைப்பை ஏற்பவருக்கு இதில் செலவு இல்லை.

உள்நாட்டு அழைப்புக்குப் பூஜ்யம், வெளிநாட்டு அழைப்புக்கு 65 காசு வரை என்ற இந்த வேறுபாடு, மோசடிக்கும் இடம் தருகிறது. வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாகக் கொண்டுவந்து, ‘சிம் பாக்ஸ்’ போன்ற கருவிகளால் உள்ளூர் அழைப்பாக மாற்றி, கட்டணத்தை ஏய்க்கும் சட்டவிரோத இணைப்பகங்களைக் காவல் துறையினர் அவ்வப்போது கண்டுபிடித்து வருகின்றனர். வெளிநாட்டில் இருப்பவர் அழைக்கும்போது திரையில் உள்ளூர் எண் தெரிந்தால், அந்த அழைப்பு இத்தகைய வழியில் வந்திருக்கலாம். வருவாய் இழப்புடன், அழைத்தவர் யார் என்பதைக் கண்டறிய முடியாமல் போவதால் பாதுகாப்புச் சிக்கலும் எழுகிறது.

எண்களை அழுத்தும் முறையில் மாற்றம்

2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனில் இருந்து கைப்பேசிக்கு அழைக்கும்போது எண்ணுக்கு முன் ‘0’ சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. எதிர்காலத்துக்காக ஏறத்தாழ 254 கோடி புதிய எண்களை உருவாக்க இது வழிசெய்யும் என்று தொலைத்தொடர்புத் துறை தெரிவித்தது. ‘0’ சேர்ப்பதால் அழைப்புக் கட்டணம் மாறாது.

2025 பிப்ரவரியில் டிராய் மேலும் ஒரு பரிந்துரையை அளித்தது. அதன்படி, ஒரே ஊருக்குள் ஒரு லேண்ட்லைனில் இருந்து மற்றொரு லேண்ட்லைனுக்கு அழைத்தாலும் ‘0’, எஸ்டிடி குறியீடு, எண் ஆகிய மூன்றையும் அழுத்த வேண்டும். குறுந்தொலைவுக் கட்டணப் பகுதிக்குப் பதிலாக, உரிமம் வழங்கப்பட்ட சேவைப் பகுதி முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு எண்களை ஒதுக்குவது இதன் நோக்கம். சில பகுதிகளில் எண்கள் தீர்ந்துபோக, வேறு பகுதிகளில் பயன்படாமல் கிடக்கும் நிலையை இது போக்கும் என்று ஆணையம் கருதுகிறது. கைப்பேசி தொடர்பான அழைப்புகளின் முறையில் மாற்றம் பரிந்துரைக்கப்படவில்லை.

வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டியவை

* பில்லில் திட்டத்தின் பெயரைப் பார்த்து, சொந்த நிறுவனத்துக்கும் பிற நிறுவனத்துக்கும் தனித்தனி விகிதம் உள்ளதா என்று கேட்டறியலாம். நடைமுறையில் உள்ள திட்டங்களை டிராயின் கட்டண இணையதளத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

* மாத வாடகையும் அழைப்புக் கட்டணமும் சேர்ந்த தொகை, வரம்பற்ற அழைப்புத் திட்டத்தின் வாடகையைவிட அதிகமாக இருந்தால் திட்டத்தை மாற்றுவது லாபம். மாதத்தில் ஓரிரு அழைப்புகள் மட்டுமே செய்து, உள்வரும் அழைப்புக்காக மட்டும் இணைப்பை வைத்திருப்போருக்குப் பழைய திட்டமே சிக்கனமாக இருக்கலாம்.

* புதிய திட்டத்தில் சேர்ந்த ஆறு மாதங்களுக்குள், வாடிக்கையாளருக்குப் பாதகமாக அதன் கட்டணத்தை உயர்த்த நிறுவனத்துக்கு அனுமதி இல்லை.

* 1860 எண்ணுக்கு அழைக்கும் முன், அதே நிறுவனத்துக்கு 1800 எண் உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

* கட்டணத்தில் தவறு இருந்தால், முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைப் பெற வேண்டும். தீர்வு திருப்தி தராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை 30 நாட்களுக்குள் அணுகலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

மீண்டும் வளரும் தரைவழி இணைப்பு

ஒரு கட்டத்தில் சுமார் 2 கோடியாகச் சுருங்கிய தரைவழி இணைப்புகளின் எண்ணிக்கை, கண்ணாடி இழை இணையத்தின் வரவால் மீண்டும் உயர்ந்து, 2024 இறுதியில் சுமார் 3.9 கோடியை எட்டியது. 2022 ஆகஸ்ட்டில் பிஎஸ்என்எல் நிறுவனத்தைப் பின்னுக்குத் தள்ளி, நாட்டின் மிகப்பெரிய தரைவழிச் சேவை நிறுவனமாக ஜியோ உருவெடுத்தது.

1998-இல் தனியார் நிறுவனங்கள் நுழைந்தபோது, ‘மாற்று’ என்றால் அரசு நிறுவனம் அல்லாதது என்று பொருள். இன்று தரைவழி இணைப்புகளில் பெரும்பான்மை தனியாரிடம் உள்ளது. அரசு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு, அவர் அழைக்கும் லேண்ட்லைன்களில் பல ‘பிற நிறுவன’ எண்களாகிவிட்டன. சொந்த நிறுவனத்துக்கு இலவசம், மற்றவற்றுக்குக் கட்டணம் என்ற பழைய திட்டத்தின் பயன், அந்த அளவுக்கு அவருக்குக் குறைந்துகொண்டே வருகிறது.